சோல்

எழுத்துக்கு நாலு ரூபாய்.
புள்ளி வைத்த எழுத்துக்குக் காசு கிடையாது.
வேலூர் லாங்கு பஜாரில், வெங்காய மண்டிக்கு எதிரே
பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டுகிறவன் நான்.
ஊரில் யார் எதில் சிறந்தவர் என்று
மேடைக்கு முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிடும்.

பெர்சிஸ் ரத்தினாபாய் என்ற பெயர்
முதன்முதலில் ஒரு ஷூ கம்பெனியின் தாளில் வந்தது.
ராணிப்பேட்டை. ஆண்டு விழா.
‘சிறந்த சோல் பாடகி’.

பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்குச் சோல் தெரியாதா?
காலுக்கு அடியில் கிடப்பது.
ஒட்டுவது, தைப்பது, தேய்வது.
அதற்கு எதற்குப் பாடகி?
டைப் அடித்த பையன் தூங்கியிருப்பான் என்று
நானே திருத்தி வெட்டினேன்:
‘சிறந்த சோல் பணியாளர்’.

விழா முடிந்த மறுநாள்
ஷிஃப்ட் சீருடையோடு கடைக்கு வந்தாள்.
விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.
சண்டைக்கு என்று நினைத்தேன்.
சிரிக்க வந்திருந்தாள்.
“அதுவும் நான்தான் பாய். சோல் பிரிவு, மூணாவது லைன்.
இருக்கட்டும்.”
அப்போ அந்த இன்னொரு சோல்?
“அது கொஞ்சம் மேல இருக்கும்” என்று
தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு வருஷத்துக்கு இரண்டு, மூன்று.
குடியாத்தம் அரிமா சங்கம்: ‘ஆன்ம இசை அரசி’,
புள்ளி நீங்கலாக ஏழெழுத்து, இருபத்தெட்டு ரூபாய்.
காட்பாடி ரயில்வே குடியிருப்பு, கிறிஸ்துமஸ்:
பெர்சிஸ் வெறும் பெர்சி ஆனாள், இடம் போதவில்லை.
மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின்னும்
‘வட ஆற்காட்டுக் குரல்’ என்று எழுதி வந்தார்கள்.
எந்த மாவட்டம் சார் இது என்றேன்.
“பெருசா இருக்கட்டும்” என்றார் செயலாளர்.
சென்னையில் கண்ணாடிப் பிரமிடு ஒன்று, கூடவே காசோலை.
காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது.
பிரமிடு அலமாரியில் நிற்கிறதாம்.
பொன்னாடைகளை வெட்டி
ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு உறை தைத்துவிட்டாளாம்.

இத்தனை வெட்டியும்
அவள் பாடி ஒரு நாள் கேட்டதில்லை நான்.
அவள் மேடையில் நிற்கும் நேரம்
நான் அடுத்த விழாவுக்குத் தகடு தேய்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த அக்னி நட்சத்திரத்தில்
கோட்டை அகழியே கொதிக்கிற ஒரு மத்தியானம்
அந்த முதல் ஷீல்டைத் துணிப்பையில் கொண்டுவந்தாள்.
“என் பேரை மட்டும் எடுத்துட்டு
லோகாம்பாள்னு போடுங்க.
கீழ்வரி அப்படியே இருக்கட்டும், அவளுக்குச் சரியா இருக்கும்.”

யார்?

“பக்கத்து இருக்கை. பதினெட்டு வருஷம்.
நான் இழுக்க ஆரம்பிச்சா
ஒரு மூச்சு தாமதிச்சுத்தான் கை தட்டுவா.
அந்தத் தாமதத்துலதான் பாய் நான் பாடக் கத்துக்கிட்டதே.
நாளைக்கு அவளுக்குக் கடைசி நாள்.
கம்பெனி குக்கர் குடுக்குது.”

எனக்குப் புரியவில்லை. தாமதமாகத் தட்டுவது பிழை அல்லவா?

“பிழையா? இருங்க” என்றாள்.

கரண்ட் அந்த நேரம் பார்த்துப் போனது.
மின்விசிறி நின்றது, என் மெஷின் நின்றது.
ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு வரி எடுத்தாள்.
எந்த பாஷை என்று கேட்கத் தோன்றவில்லை.
சாவு வீட்டு வாசலில் தொடங்கி
கோயில் மணி வரைக்கும் ஏறி
அங்கே நிற்காமல் கரகரவென்று சரிந்தது.
எதிர் மண்டியில் மூட்டை வைத்த தராசை
யாரும் நிமிர்த்தவில்லை.
அவள் கண் என் கையைப் பார்த்தது.
ஒரு மூச்சு விட்டுத் தட்டினேன்.

எங்கே கேட்டது என்று சொல்லட்டுமா?
உள்ளங்காலில்.

கரண்ட் வந்தது. பழைய பெயரைத் தேய்த்தேன்.
எவ்வளவு தேய்த்தாலும் தகட்டைச் சாய்த்தால்
‘பெர்’ மட்டும் லேசாகத் தெரிகிறது. சொன்னேன்.
தெரியட்டும் என்றாள்.

லோகாம்பாள்.
புள்ளி நீங்கலாக மூன்றெழுத்து, பன்னிரண்டு ரூபாய்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் விட்டிருந்தால்
இனி வேறு கடைக்குப் போய்விடுவாள்.