ஒன்றா, ஏழா

தொகுதியின் பெயர் மேக்ரே கூலி.
சிரித்துவிட்டோம், இத்ரீஸும் நானும்.
கூலி என்றால் அந்த ஊரில்
தண்ணீர் வற்றிப்போன ஓடைப்பள்ளமாம்.
"நம்மூர்லயும் அதானே அர்த்தம்" என்றான்.
தேதி இருபத்தெட்டு.
போன மாதத்துக்கே இன்னும் வரவில்லை.

மண்ணடி. இரும்புக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
கீழே கம்பி இறங்கும்போதெல்லாம்
மேலே திரை நடுங்கும்.
கனடாவிலிருந்து யாரோ
பழைய தேர்தல் தாள்களைப் படமெடுத்து அனுப்புகிறார்கள்.
ஒரே தாளை இருவர் தனித்தனியே அடிக்க வேண்டும்.
எண் ஒத்துவராத கட்டம் சிவக்கும்.

கோதுமை, கோதுமை, நடுவே ஒரு சர்ச், மறுபடி கோதுமை,
இப்படித்தான் வைத்துக்கொண்டேன் அந்தத் தொகுதியை.
நீளம் இங்கிருந்து நெல்லூர் வரும்.
ஆட்கள், எங்கள் கொருக்குப்பேட்டையில் பாதி தேற மாட்டார்கள்.
சாவடிகள்:
பள்ளிக்கூடத்து நிலவறை,
தானியக் கிடங்கின் கணக்கறை,
திருமதி ஹால்வர்சன் வீடு.
வீட்டிலா? ஓட்டா?
எங்கள் தெருவில் ஒருத்தி வீட்டில் வைத்தால்
பத்து மணிக்குள் விவகாரம் ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்.
சின்னமும் கிடையாதாம்.
பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
இத்ரீஸ் நாற்காலியைத் திருப்பினான்:
"பென்சிலா? ரப்பர் யார்கிட்ட இருக்கும்?"

நாற்பத்தேழாம் சாவடி, அந்த ஹால்வர்சன் வீடு.
1945: முப்பத்தெட்டு, பன்னிரண்டு, ஒன்று.
1949: நாற்பத்தொன்று, ஒன்பது, ஒன்று.
அந்த ஒன்று எப்போதும் கடைசிப் பத்தியில்,
டெபாசிட் தேறாத கட்சிக்கு.
ஐம்பத்து மூன்றிலும் ஒன்று.
ஊரே மறுபக்கம் சாய்ந்த ஐம்பத்தெட்டில்
நான் ஒன்று அடித்தேன், இத்ரீஸ் ஏழு.
சிவந்தது.

மேற்பார்வை தணிகைவேல் வந்து பெரிதாக்கினார்.
மை கசிந்த ஒரு கோடு, தலையில் பொடியாக ஒரு கொக்கி.
"ஏழுன்னே போடேன்மா, யாருக்குத் தெரியப் போவுது?"
ஐம்பது பேர் ஊரில்,
வண்டிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிற ஊரில்,
திடீரென ஏழு பேரா?
குறுக்கே கூட்டிப் பாருங்க சார் என்றேன்.
கூட்டினார்.
ஒன்றுதான்.

அந்த வீட்டு மேசையில் கொட்டி எண்ணியபோது
ஒற்றைச் சீட்டு ரகசியமாகவா இருந்திருக்கும்?
எல்லோருக்கும் தெரியும்.
மறுநாள் மாவு வாங்கப் போன இடத்தில்
என்ன சொல்லிச் சிரித்தார்களோ.
அடுத்த முறையும் பென்சிலை எடுத்திருக்கிறார்.
அறுபத்திரண்டு, ஒன்று. அறுபத்து மூன்று, ஒன்று.
அறுபத்தைந்திலும்.
அறுபத்தெட்டில் சுழி.

விரல் கட்டையின் மேலேயே நின்றுவிட்டது.
செத்துப்போனாரா, பட்டணம் போனாரா,
சலித்துப்போய் ஊரோடு சேர்ந்துவிட்டாரா,
தாளில் அதற்குப் பத்தி இல்லை.
எழுபத்திரண்டில் சாவடியே இல்லை.
நாற்பத்தாறோடு சேர்த்துவிட்டார்கள்.

எங்களுடையது சேராது, பிரியும்.
அ, ஆ, இ.
கால்வாய்க்கரை வீடுகளை இடித்துப்
பெரும்பாக்கத்துக்கு ஏற்றிவிட்ட பிறகும்
பெயர்கள் இங்கேயே கிடந்தன.
மூன்று பஸ் மாறி வந்து போட்டார்கள்.
போட்டுவிட்டு, வீடிருந்த மண்ணில்
கொஞ்ச நேரம் நின்றார்கள்.
சிலர் பிள்ளைகளுக்கு அடுப்படியைக் காட்டினார்கள்.

ஷிப்ட் முடிந்த காலையில்
செல்போனில் எங்கள் சாவடிக் கணக்கைத் திறந்தேன்.
அமலோற்பவம், சுயேச்சை, நகவெட்டி சின்னம்.
குழாயில் வரும் மஞ்சள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து
அதை மட்டும் தூக்கிக்கொண்டு வீடுவீடாய் வந்தவள்.
அவள் ஓட்டு எழில் நகர்ப் பக்கம்.
எங்கள் தெருவில் சொந்தமோ பந்தமோ இல்லை.
'ஆ' சாவடியில் அவளுக்கு
இரண்டு.

ஒன்று நான்.

லாரி இன்னும் வரவில்லை.
முப்பது நாற்பது குடம், மணலிக் காற்று.
முன்னால் நிற்கிறவளின் பின்கழுத்தைப் பார்க்கிறேன்.
டீக்கடை வாசலில் சாக்கு தைக்கிறவரை,
பீடியை அணைத்துக் காதில் செருகுகிறவரை,
போன வாரம் என்னோடு குழாயடியில் கட்டிப்புரண்ட செங்கமலத்தை.
கேட்கவா முடியும்?

"இன்னா மொறைக்கிற, குடத்த நவுத்து"
என்கிறாள் செங்கமலம்.
நவுத்துகிறேன்.