எங்கே இருக்கிறீர்கள்

முதல் நாளே பையைக் கட்டிவிடுவேன்.
அகலவாய் ஃபிளாஸ்கில் ஐஸ்,
அதைத் தொடாமல் துணி சுற்றி இன்சுலின்.
ஐஸ் பட்டால் மருந்து செத்துவிடும்.
குளுக்கோஸ் டப்பா, பிஸ்கட்,
சர்க்கரை பார்க்கும் கருவி, மாற்று பேட்டரி.
டாக்டர் சீட்டின் நகல் என் பர்ஸில் ஒன்று,
அவர் சட்டைப்பையில் ஒன்று,
பின்பக்கம் என் நம்பர்.
"யுத்தத்துக்கா போறோம்?
அக்கா மகளுக்கு வளைகாப்பு" என்றார் பக்கிரிசாமி.

வேதாரண்யத்தில்
ராத்திரி ஊசி போட்டுக்கொண்டு இலைக்கு உட்கார்ந்தவர்
உப்பளக் குத்தகைப் பேச்சில்
பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாராம்.
நான் பார்க்கவில்லை.
வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் பேச்சு குழறியது.
"இந்த மதகை யாரு நடுரோட்டுல வச்சா?"
நான் சிரித்தேன்.
சிரித்ததை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.
தை மாதப் பனியில்
அவர் காலரெல்லாம் வேர்வை.

பாதிச் சாலையை அடைத்து
யாரோ காயப்போட்ட சம்பா நெல்,
மேலே தார்ப்பாய், ஓரத்தில் கல்.
அதில் ஏறி
பெருமூச்சு விட்டு நின்றது கார்.

காவலுக்குப் படுத்திருந்த நாகூரான்
வந்த வேகத்தில் எங்கள் பரம்பரையையே இழுத்தார்.
டார்ச்சை உள்ளே அடித்தவர்
வாயை மூடிக்கொண்டார்.

முப்பத்தி நாலு என்றது கருவி.
கரைத்துவிட்டேன் குளுக்கோஸை.
டம்ளர் உதடுவரை போய் நின்றது.
விழுங்கத் தெரியாத வாயில் ஊற்றினால்
நுரையீரலுக்குப் போகும் என்று
எப்போதோ ஒரு நர்ஸ் சொன்னது.
அத்தனை இனிப்பையும் கையில் வைத்துக்கொண்டு
கொடுக்காமல் இருந்தேன்.
இறக்கி, தார்ப்பாய்மேல் ஒருக்களித்துக் கிடத்தினோம்.
அடியில் நெல்
அவர் தோளுக்குத் தக்கபடி குழிந்தது.

"நீங்க எங்க இருக்கீங்க?"
நூற்றியெட்டில் ஒரு பெண் குரல்.

எங்கே இருக்கிறேன்?
வலப்பக்கம் வயல், இடப்பக்கம் வாய்க்கால்,
எதிரே பனி, வந்த வழியும் பனி.
இங்கிருந்து கடல் முட்டும்வரை
இப்படித்தானே இருக்கும் எல்லா இடமும்.
பையைத் துழாவினேன்,
ஊர்ப்பெயர் அதற்குள் இருப்பதுபோல.

நாகூரான் போனைப் பிடுங்கினார்.
"முள்ளியாத்து வாய்க்கா, மூணாம் மதகுக்கு வடவண்டை,
ராயர் பம்புசெட்டுக்கு நேரா!"
இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது.
அந்தப் பெண் கேட்டாள்,
"பக்கத்துல ஏடிஎம் ஏதாவது இருக்கா சார்?"

அப்புறம் அவருக்கு எதுவோ உறைத்தது.
ஓடிப்போய்
அடுக்கி வைத்த தன் சாக்குகளை
ஒவ்வொன்றாய் இழுத்துத் தள்ளினார்.
ஏழோ எட்டோ.
அடியில், உமி ஒட்டிய ஒரு கல்:
மன்னார்குடி 17.

இருபத்திரண்டு நிமிஷம்.
சாலை நடுவில் டார்ச்சை ஆட்டியபடி
அவர் நின்றார்.
நான் மூச்சை எண்ணினேன்.

நரம்பில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே
கண் திறந்தது.
பெண்டாட்டி முகம் தெரியவில்லை போலிருக்கிறது,
"நெல்லு யாரோடது?" என்றார்.

மறுவாரம் பணத்தோடு போனோம்.
டயர் நசுக்கியதை மரக்காலால் கணக்குப் போட்டு
அதற்கு மட்டும் எடுத்துக்கொண்டு
மிச்சத்தைத் திருப்பித் தந்தார் நாகூரான்.
கல்லின்மேல்
மறுபடி சாக்கு அடுக்கியிருந்தது.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பஸ்ஸில்தான் போகிறோம்.
கிளம்புமுன் அவர் இலையைப் பார்க்கிறேன்.
பையில் புதிதாக எதுவும் சேரவில்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்து கல் படிக்கிறேன்,
கோட்டூர் ஆறு, கோட்டூர் அஞ்சு.
"தூங்கவிடேன்டி" என்கிறார்.
பனி இறங்கும் நாளில்
கொஞ்சம் சத்தமாகவே படிக்கிறேன்.