ஏழாம் எண் சாவி

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடுவில்
கைப்பிடிச் சுவருக்கு வெளியே கை நீட்டி
என்னை நானே படம் எடுக்கப் போனேன்.
பின்னால் ரப்பர்த் தோட்டம். கீழே பறளியாறு.
திரையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
நழுவிற்று.
சிரித்தபடியே கீழே போனது என் முகம்.
தண்ணீர் தொட்ட சத்தம்
மேலே வந்து சேரவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தனிப்பயணம்.
ஆத்தூரில் கிளம்பும்போது
கூட யாரு என்று கேட்டவர்களுக்கெல்லாம்
அதைத்தான் தூக்கிக் காட்டியிருந்தேன்.
வழி அதில். காசு அதில்.
திரும்பும் ரயில் அதில்.
தங்கிய லாட்ஜின் பெயரும் அதில்.

கைப்பையைக் கவிழ்த்தேன்.
அறுபத்து நாலு ரூபாய்,
நசுங்கிய இரண்டு மட்டிப்பழம்,
மரக்கட்டை கோத்த ஒரு சாவி.
கட்டையில் 7.
எந்த ஊர் ஏழு என்று
கட்டை சொல்லவில்லை.

அன்னாசி விற்றவள் எட்டிப் பார்த்தாள்.
"போச்சா? மாசம் ஒண்ணு ரெண்டு விழும்.
இந்த ஆத்துக்கு எல்லாருக்க நம்பரும் தெரியும்."
இருபது ரூபாய்க்கு
மிளகாய்ப்பொடி தூவிய துண்டுகளை
கண்ணில் நீர் வரத் தின்றேன்.
காரம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பெண்களுக்குக் காசில்லாத பேருந்தாகப் பார்த்து ஏறினேன்.
திருவட்டாறு வரை ஒன்று.
தக்கலைக்கு ஒன்று.
அங்கே பலகையைப் பாதி படித்து ஏறியதில்
நாகர்கோவிலுக்குப் பதில் குளச்சல்.

தெரு முடிந்த இடத்தில்
முன்னறிவிப்பில்லாமல் கடல்.
மணலில் இரண்டு வரிசையாய் ஆட்கள்
கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
"சும்மாதானே நிக்கிய, பிடியுங்க"
என்று யாரோ கயிற்றைக் கையில் தந்தார்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
கூட ஆரு என்றும் கேட்கவில்லை.
குதிகால் மணலில் புதைய
பின்னால் பின்னால் நடந்தேன்.
அரைமணி நேரம், முக்கால்மணி நேரம்,
எனக்கு மணி தெரியாது.
வந்தது அரைக்கூடை நெத்திலி,
ஒரு ஒற்றைச் செருப்பு.
"உங்களுக்கதாண்ணு பாருங்க!"
கரையே சிரித்தது.
அதைப் பிடித்துவைக்க என்னிடம் ஒன்றுமில்லை.
ஆகவே உள்ளங்கையில்
அது இன்னும் எரிகிறது.

நாகர்கோவிலில் இறங்கியபோது மழை.
ஆட்டோக்காரர் வில்பிரட்
சாவியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அடையாளம் எதாவது?"
"வாசல்ல மீன் தொட்டி இருக்குங்க."
"அது எல்லா லாட்ஜிலயும் உண்டும்."
உண்டுதான்.
முதல் லாட்ஜில் ஏழாம் அறையே இல்லை.
இரண்டாவதில் சாவி நுழையவில்லை.
மூன்றாவதில்
சுளுவாய் நுழைந்து, சுளுவாய்த் திரும்பி,
கதவு திறக்க
துண்டு கட்டிய ஒருவர்
பாதிக் கன்னம் நுரையோடு நின்றார்.
நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில்
மன்னிப்புக் கேட்டோம்.

நான்காவது கதவுக்குப் பின்னால்
கொடியில் என் நீலச் சேலை.
சொந்தக்காரியைக் கண்டதுபோல்
அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.
பெட்டியடி ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்ட
வில்பிரட் கணக்கு வைத்துச் சில்லறை தந்தார்.
"நாலு லாட்ஜுக்குத்தான் காசு.
அந்த ஆளு கிட்டெ அடி வாங்காததுக்கு
இனாம்."

கீழே வரவேற்பு மேசைப் பையன் அபிஷ்
பழைய தொலைபேசியை என் பக்கம் தள்ளினான்.
"வீட்டுக்கு விளிக்கணும்னா விளியுங்க, யக்கா."
தம்பியின் எண்ணை யோசித்தேன்.
அலுவலக எண்.
பக்கத்து வீட்டு எண்.
ஒன்றும் வரவில்லை.
மனப்பாடமாய்த் தெரிந்தது ஒன்றே ஒன்று.
அதை அழுத்தினேன்.

நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றாள் ஒருத்தி,
ரொம்ப மரியாதையாக.
இன்னொரு முறை கேட்டேன்.

"எடுக்கலியா?"

"இல்ல தம்பி.
வெளிய போயிருக்காங்களாம்."