நீங்க லாரி

அங்கேரிபாளையம் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓடினால்
இங்கே தட்டில் மணல் நடுங்கும்.
பிரணேஷ் அதைத்தான் முதலில் பார்த்தான்.
அலமாரி நிறைய பொம்மைகள், அவற்றை அல்ல.
என்னையும் அல்ல.

ஏழு வயது.
வீட்டில் ஒன்றிரண்டு சொல், பள்ளியில் அதுவும் இல்லை.
விடிந்தால் பாய் ஈரம்.
கோப்பில் இருந்தது இவ்வளவுதான்.

கோப்பில் இல்லாதது:
எக்ஸெல் வண்டியின் முன்னால்
ஹேண்டில்பாரைப் பிடித்து நின்றவன்.
பின்னால் பனியன் பண்டல் நாலு.
நடுவில் அப்பா.

முதல் புதன் மணலை அள்ளி ஊற்றினான்.
இரண்டாம் புதனும் அள்ளி ஊற்றினான்.
மூன்றாம் புதன் நான் அவசரப்பட்டேன்.
தேர்க்கடையில் வாங்கிய குட்டி மொபெட் ஒன்றை
அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்
தற்செயல் போல வைத்தேன்.
அதைப் பார்த்தான்.
திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்,
மீதி நாற்பது நிமிடமும்.
அந்த மொபெட் இப்போது என் வீட்டில்,
பீரோவின் அடித்தட்டில். எனக்கான பாடம்.

தேவசேனா கீழே படியில் காத்திருப்பாள்,
தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க.
ஓவர்லாக் டெய்லர்.
"படிப்பு ஏதாச்சும் சொல்லிக் குடுத்தீங்களாங்?"
இல்லைங்க, விளையாடினோம்.
"வெளையாட்டுத்தானுங்களா...
அதுக்கு எனக்கு அரை ஷிப்டு போகுதுங்."
கோபமில்லை, கணக்குத்தான்.
அந்தக் கணக்குக்கு என்னிடம் விடை இல்லை.

ஆறாம் புதன்
மூலையில் கிடந்த காலி நூல்கோனை எடுத்தான்.
படுக்க வைத்தான்.
துணி மாட்டும் கிளிப் இரண்டை அதன்மேல் கவ்வ விட்டான்,
முன்னால் சின்னது, பின்னால் பெரியது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
"நீங்க லாரி."

லாரியானேன். தரையில் முட்டி போட்டு.
லாரி என்ன பண்ணணும்? ரகசியமாய்க் கேட்டேன்.
"வரணும்."
வந்தேன்.
"மெதுவா வரக்கூடாது."
வேகமாக வந்தேன். கோன் உருண்டது.
எடுத்து நிறுத்தினான். "மறுக்கா."
உருண்டது. "மறுக்கா."
பதினொரு முறை.
என் முட்டி சிவந்து எரிந்தது,
அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை,
தறிக்காரர் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி
அவ்வளவு கவனம்.

பன்னிரண்டாம் முறைக்கு முன்னால் சொன்னான்:
"எங்க வண்டில ஹார்ன் நாந்தான் அடிப்பேன்.
எங்கப்பா அடிக்க மாட்டாரு."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.
என் வாய்க்குள் வாக்கியங்கள் வரிசைகட்டி நின்றன,
நல்ல வாக்கியங்கள், சரியான வாக்கியங்கள்.
உன் மேல தப்பில்லை கண்ணு, என்று தொடங்குபவை.
லாரி பேசாது. விழுங்கினேன்.
"ஹார்ன் உன்னோட வேலை," என்றேன்.
தலையாட்டினான்.
"அது பெரிய வேலை."
அதற்கும் தலையாட்டினான், கொஞ்சம் தாமதமாக.

பிறகு என்னைத் தொட்டுக் காட்டினான்.
"இப்ப லாரி அடிக்கட்டும்."
அடித்தேன்.
கீழே மருந்துக்கடைக்காரர் அண்ணாந்திருப்பார்,
அவ்வளவு சத்தமாக அடித்தேன்.
கோன் நகர்ந்து தட்டின் ஓரத்தில் ஒதுங்கியது.
லாரி அதைக் கடந்து
சன்னல் வரைக்கும் போய் நின்றது.
திரும்பிப் பார்த்தேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"மறுக்கா," என்றான்.
"ஹார்ன் வேண்டாம்."

அதையும் செய்தோம்.
பெரிய கிளிப் தெறித்து
அலமாரிக்கு அடியில் எங்கோ போனது.
சின்னதை எடுத்து மணலில் நட்டான்.
அது சாயாமல் இருக்கிறதா என்று
நேரம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு என்னங்க பண்ணான்?"
ஹார்ன் அடிச்சு விளையாடினோம்ங்க.
பணம் எண்ணிக்கொண்டிருந்த தேவசேனாவின் விரல் நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை.
முதலிலிருந்து எண்ணினாள்.

மணலைத் துடைப்பத்தால் கூட்டினேன்.
அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
கையை விடாமலேயே எழுந்தேன்.
அடுத்த புதன் அவன் தேடினால் தேடட்டும்.
நானும் படுத்துத் தேடுவேன், லாரியாக
இல்லாமல் இருக்க அவன் விட்டால்.