முந்நூறாவது லோடு

மீட்டர் நின்று நான்கு வருஷம்.
கிலோமீட்டர் எங்களுக்குத் தெரியாது, லோடு தெரியும்.
முந்நூறு லோடுக்கு ஒரு ஆயில் என்று
கேஸ் பில்லின் பின்பக்கம் கோடு கிழிக்கிறேன்,
நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.
இன்றைக்கு அறுபதாவது கட்டு.

ஞாயிறு ராத்திரி, ஹெண்ணூர் மெயின் ரோடு,
ஷட்டர் இறங்கிய டைல்ஸ் கடை வாசலில் டேங்கர்.
மாசிலாமணி அடியில் கிடக்கிறார்.
வெளியே தெரிவது கால் இரண்டும்தான்.
"பேசினைத் தள்ளு" என்கின்றன கால்கள்.
தள்ளுகிறேன்.

சூடாக இருந்தால்தான் அழுக்கு ஆயிலோடு இறங்கும்.
இறங்குகிறது,
கறுப்பாக, சத்தமில்லாமல்,
எங்கும் போக அவசரமில்லாத மாதிரி.
டிரெயின் நட்டின் முனையில் ஒரு காந்தம்.
போன் வெளிச்சத்தில் விரலால் வழித்துப் பார்க்கிறோம்.
மாவு. மாவு பரவாயில்லை.
துணுக்கு இருந்தால்தான் துக்கம்.
துணுக்கு இல்லை.

இனி என்ஜின் ஆற வேண்டும். அதுவரை டீ.
அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் போனில்:
"நீரு யாவாக பருத்தே அக்கா?"
"பெளிகே ஐதூவரே" என்கிறேன்,
வால்வு மூடியை மடியில் வைத்துக்கொண்டு.

மூடி திறந்தால் அது என் வேலை.
அவருக்குக் கிட்டப் பார்வை போய்விட்டது, கண்ணாடி போடமாட்டார்.
எனக்குப் பீன்யாவில் பதினேழு வருஷம்
காலர் தைத்த விரல்.
துணி எத்தனை மடிப்பென்று பார்க்காமலே சொல்லும்.
கீழே அவர் ஸ்பேனர் போட்டு என்ஜினைச் சுற்ற,
மேலே நான் "போதும்" என்கிறேன்.
டாப்பட்டின் இடுக்கில் தகட்டை விட்டு இழுத்தால்
வரவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்,
ரசீதுப் புத்தகத்திலிருந்து கார்பன் தாளை உருவுவது போல.
லூசாக விட்டால் கடகடக்கும்.
இறுக்கிவிட்டால் வால்வு கருகும், சொல்லாமல் கொள்ளாமல்.
"சத்தம் போடுறவன நம்பலாம்" என்கிறது கீழிருந்து குரல்.
நான் பதில் சொல்லவில்லை,
ஆறாவது சிலிண்டரில் இருக்கிறேன்.

பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர், விடியலுக்கு நிரப்பியது.
முன்னால் ரேடியேட்டருக்கு அதில் ஒரு சொம்பு ஆகாது.
போர் தண்ணீர். உப்பு. உள்ளே பொருக்குத் தட்டும்.
இரண்டு பிளாக் குளிக்கிற தண்ணீரை முதுகில் வைத்துக்கொண்டு
இவளுக்கு மட்டும் கேனில் காசுத் தண்ணீர்,
பச்சை மருந்து கலந்து.

பெல்ட்டைக் கழற்றி உட்புறம் வளைத்தேன்.
பல்லிடுக்கில் ஒரு கீறல்,
கைக்குழந்தையின் ரேகை அளவுதான்.
"இன்னும் நூறு லோடு தாங்கும்" என்கிறார்.
போன மேயில் ரிங் ரோடு மேம்பாலத்தின் உச்சியில்
இதே நூறு லோடு பெல்ட் அறுந்து
என்ஜின் கொதித்து, ஹெட் போய்,
பதினோரு நாள் வண்டி நின்றது.
என் கம்மல் இன்னும் சேட்டிடம்தான்.
நான் ஒன்றும் பேசவில்லை.
ஹேண்ட்பேக்கைத் திறந்து
வெள்ளிக்கிழமை வாங்கிய புதுப் பெல்ட்டை எடுத்து நீட்டினேன்.
அவர் நம்பரைப் பார்த்தார், ஒரு முறை தூரத்தில் வைத்து,
ஒரு முறை இன்னும் தூரத்தில் வைத்து.
"எவ்வளவு?"
"கேட்காதீங்க."

ஃபில்டர் மாற்றினால் டீசல் குழாயில் காற்று நிற்கும்.
கைப்பம்பைக் கட்டை விரலால் அமுக்க அமுக்க
நுரை,
குமிழி,
குமிழி,
பிறகு வெறும் டீசல்.
இல்லை, இன்னும் ஒரு குமிழி.
பிறகு வெறும் டீசல்.

மூன்றேகாலுக்கு ஒரே செல்ஃபில் பிடித்தது.
டைல்ஸ் கடை நாய் எழுந்து
இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டது.

நாளைக்கு ஒன்றும் நடக்காது.
அந்த ஒன்றுமில்லைக்குத்தான் இந்த ராத்திரி.
மேம்பாலத்தில் ஒரு டேங்கர் நிற்காமல் போனதை
யாரும் யாரிடமும் சொல்லப்போவதில்லை,
நாலாவது மாடியில் ஷவர் வரும், அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு வால்வைத் திறந்துவிட்டு
இந்த மாதத்துக் கேஸ் பில்லைத் திருப்பி
முதல் கோடு போட்டேன்.
கை கழுவவில்லை.
அது கொஞ்சம் தடிமனாக விழுந்தது.