அடிப்பான்

ஒன்றுக்குப் பூச்சியம். தோற்றுவிட்டு வருகிறோம்,
கிளிநொச்சியிலிருந்து, பட்டா லொறியின் பின்பெட்டியில்
பதினாலு பேர், தண்ணிக் கான் ஒன்று,
வலைப்பைக்குள் நாலு பந்து.
ஆனையிறவு வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
உப்புக்காற்று உதட்டில் பட்டதும்
மரியசீலன் தொடங்கினான்:
"அந்தக் கடைசிக் கோர்ணருக்கு
றெமீஜியஸ் நிண்டிருக்க வேணும்."

அவ்வளவுதான்.

றெமீஜியஸின் நெற்றி கருங்கல் என்றார்கள்.
பந்துக்கு அவன் எழும்பினால்
இறங்கி வருமுன் ஒரு பீடி பற்றவைக்கலாம் என்றார்கள்.
"கால் இருந்ததே அவனுக்கு?" என்றார் கபிரியேல் அண்ணை,
"தலையால மட்டும் விளையாட அதென்ன சோதினையோ?"
நாற்பது வருடமாய் எங்கள் கழகத்துக்கு
லைன் கொடி பிடிக்கிறவர்.
சொந்த மகன் அடித்த கோலுக்கும் கொடி உயர்த்தியவர்.

பளையில் ரயர் பார்க்க நிறுத்தினோம்.
கதை கட்டை அருளப்புவுக்கு மாறியது.
வெறுங்கால். மூன்று பேர் மறித்து நிற்க
நண்டு வளைக்குள் போவதுபோல் போய்விடுவான்.
மொத்தம் எத்தனை கோல்?
எண்பத்தேழு என்றது ஒரு பக்கம்,
தொண்ணூற்றொன்று என்றது மறுபக்கம்.
கணக்கெழுதுகிறவன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அந்தக் கொப்பி தொண்ணூற்றைந்தில்
நாவற்குழிப் பாலத்து நெரிசலில் போய்விட்டது.
ஒரு கையில் மகள், மறு கையில் சைக்கிள்.
அதற்குப் பிறகும்
ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகளோடு இருந்துகொண்டே
வருடத்துக்கு இரண்டு மூன்றாய்
அருளப்பு கோல் அடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கொடிகாமம் தாண்டி, இருட்டில்,
"யூட்டை மறந்துபோட்டியள்" என்றான் எமில்.
எமில் யூட்டின் தம்பி.

லொறி ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியது.

"இடது பக்கத்தால வெட்டி உள்ளுக்க வருவான்.
கோலி இறங்கி வருமட்டும் பொறுப்பான்.
பிறகு அடிப்பான்."

தமிழ் நல்ல மொழி.
அடிப்பான் என்றால்
முந்தி அடிக்கிறவன் என்றும் ஆகும்,
இனிமேல் அடிக்கப் போகிறவன் என்றும் ஆகும்.
இரண்டாயிரத்து ஆறு கார்த்திகையில்
தலைமயிர் வெட்டிக்கொண்டு வாறன் என்று
சைக்கிளில் போனவனுக்கு
அதைவிடப் பொருத்தமான வினைச்சொல்
என்னிடமும் இல்லை.
இரண்டாவது கொப்பியில் அவனுக்கு ஒரு பக்கம்:
நாற்பத்துமூன்று கோல்.
மற்றவர்களுக்கெல்லாம் கூட்டிக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.
அவனுக்குப் போடவில்லை.

"நாற்பத்துமூண்டில அரைவாசி ஓவ்சைட்"
என்றார் கபிரியேல் அண்ணை.
எமில் எழும்பி அவர் சேட்டைப் பிடித்தான்.
பிடித்தபடியே சிரித்தான். அவரும் சிரித்தார்.
கனநேரம் அவன் சேட்டை விடவில்லை.

மூலையில், பந்துப்பையை மடியில் வைத்துக்கொண்டு
இன்றைக்குப் பெனால்ரியை வெளியே அடித்த டிலக்சன்.
வயது பத்தொன்பது. யூட்டை அவன்
கழகக் கட்டிடத்துப் படத்தில்தான் கண்டிருக்கிறான்.
பயணத்தில் முதல்முறையாய் வாய் திறந்தான்:
"எந்தக் காலாலை அண்ணை?"

இடது என்றார்கள் ஏழு பேர்.
வலது என்றார்கள் ஐந்து பேர்.
கொப்பியில் கால் எழுதுகிற வழக்கம் இல்லை,
நான் பேசாமல் இருந்தேன்.
கைதடி போனது. நாவற்குழிப் பாலம் போனது,
பாலத்தை ஒருவரும் பார்க்கவில்லை.
அரியாலையில் ஏழு பேர் ஆறு பேரானார்கள்,
பிறகு திரும்பவும் ஏழு.

பாசையூரில் குதித்து இறங்கி
"விலகுங்கோ, நான் காட்டுறன்" என்று
நடுறோட்டில் பந்தை வைத்தான் எமில்.
லைற் இல்லாத ஒழுங்கை.
நாலடி பின்னுக்குப் போனான், வந்தான்.
செருப்பும் சேர்ந்து பறந்தது.
ஐஸ் கம்பனி மதிலில் பட்டது எது,
அந்தப் பக்கம் விழுந்தது எது, தெரியவில்லை.
உள்ளே நாய் குரைத்தது.
டிலக்சன் மதிலில் ஏறிக்கொண்டிருந்தான்.

"ஓவ்சைட்" என்றார் கபிரியேல் அண்ணை.