பதினைந்தாவது இருக்கை

மின்வெட்டுக்கு முன் இறக்கிவைத்தால்தான் உண்டு.
எட்டு மணிக்கு என்றது அட்டவணை,
ஏழு நாற்பதுக்கே போய்விட்டது.
கைப்பேசியில் பாதி வந்து நின்ற கோப்பு:
ஆப்பிரிக்க மரபுச் சமயங்கள், பாடம் நான்கு.
மீதிப் பாதிக்கு டேட்டா இல்லை.

முதல் வாரம் உபுண்டு என்று தேடினேன்.
கணினியில் நிறுவும் மென்பொருள் வந்தது,
பக்கம் பக்கமாக,
எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம் என்று.
மூன்றாம் பக்கத்தின் அடியில்
ஒரு வரி ஒதுங்கி நின்றது:
மனிதர் மனிதராவது மனிதரால்.
அதற்கும் கீழே
ஈமச்சடங்குக் காப்பீட்டுக்கு ஒரு விளம்பரம்.

பிறகு ஒரு பாதிரியாரின் குறிப்பேடு.
நூற்றைம்பது ஆண்டுப் பழசு, கோணலான ஸ்கேன்,
ஓரத்தில் யாரோ ஒரு நூலகரின் கட்டைவிரல்.
பக்கத்துக்குப் பக்கம்
"இவர்கள் நம்புகிறார்கள்" என்கிறார்.
தன் ஆட்களைச் சொல்லும்போது "நாம் அறிவோம்."
இந்தக் குரலை எனக்குத் தெரியும்.
உம்பிலோ கோயிலில் தீ மிதித்த என் அத்தையைப் பற்றி
பள்ளியில் ஒரு டீச்சர் இதே குரலில்தான் பேசினாள்.

மருந்துக்கடையில் எனக்கு மாத்திரை எண்ணும் வேலை.
கூட எண்ணும் தண்டஸிலேயிடம்
அமத்லோசி என்று சொல்லிக் காட்டினேன்.
நாக்கின் இரண்டு பக்கமும் காற்றை விடு என்றாள்.
எங்கள் ழ மாதிரியா என்றேன்.
சொல்லு, கேட்கலாம் என்றாள்.
வாழை என்று சொல்லப்போய்
வாளை மீனாக வந்தது எனக்கு.
இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.
பாடத்தை வாங்கி ஐந்து நிமிடம் படித்தாள்.
"எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லை.
நாங்கள் சீயோன் சபை.
ஆனால் தாத்தாவுக்கு பீர் ஊற்றுவோம்."
அதற்குப் பாடத்தில் தலைப்பே இல்லை.

நேற்றிரவு வந்த பாதியில் ஒரு மரம் இருந்தது.
உம்பாஃபா.
தாவரப் பெயரைப் போட்டுப் பார்த்தேன்,
நம் இலந்தைக்குப் பங்காளி.
கணுவுக்குக் கணு இரண்டு முள்,
ஒன்று நேராக முன்னால் பார்க்கிறது,
ஒன்று கொக்கியாகப் பின்னால்.
வெளியிடத்தில் இறந்தவரை வீட்டுக்குக் கூட்டிவர
அதன் கிளை வேண்டும் என்றிருந்தது.
கூட்டிவருபவர் வழியில்
என்ற இடத்தில் கோப்பு அறுந்திருந்தது.

இன்று மாலை வார்விக் நிறுத்தம்.
இனாண்டா போகும் டாக்ஸி, பதினைந்து பேருக்கு இடம்.
ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்ததால்
சில்லறைக் கணக்கு என் தலையில்.
தோள் தோளாகக் கை மாறி வந்தது பணம்.
சாம்பல் கோட்டு போட்ட ஒருவர்
இரண்டு பேருக்கு அனுப்பினார்.
அவர் பக்கத்தில் ஆள் இல்லை.
கிளை ஒன்று இருந்தது, இலையும் முள்ளுமாக.
கடைசியாக ஏறிய பையன் அங்கே குனிந்து,
பார்த்து,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
பின்வரிசைக்கு நகர்ந்துபோனான்.
யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

உம்கேனிப் பாலத்தில்,
அதுவரை ஒருவரிடமும் வாய் திறக்காத மனிதர்
கிளையிடம் மெல்லப் பேசினார்.
என் ஓட்டை ஜூலுவுக்கு அகப்பட்டது இரண்டே சொல்:
ஆறு. கடக்கிறோம்.
ஓட்டுநர் பாட்டை அணைத்தார்.

எங்கள் ஆட்கள் கடல் கடந்தபோது
இது கடல், கடக்கிறோம் என்று
யாராவது யாருக்காவது சொல்லியிருப்பார்களா?
நடுவழியில் இறந்தவர்களுக்கு
கப்பல் பட்டியலில் ஓர் எண் உண்டு,
எதிரே ஒரு தேதி.
அதையும் இதே கைப்பேசியில்தான்
ஒரு நாள் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன்.

கணக்கு சரியா, அக்கா, என்றார் ஓட்டுநர்.
திரும்பித் தலைகளை எண்ணினேன்,
என்னையும் சேர்த்துப் பதினான்கு.
பணத்தை எண்ணினேன், பதினைந்து பேருக்கு.

சரி என்றேன்.